வீட்டுச் செப்டிக் டேங்க் பராமரிப்பு: பாக்டீரியா பொடிகள் பயன் தருமா?

செப்டிக் டேங்க் என்பது, வீட்டுக் கழிப்பறையிலிருந்து வரும் கழிவுநீரைச் சிறிது காலம் தேக்கிவைத்து, அதிலுள்ள திடப்பொருளைப் பிரித்து நிறுத்தும் மூடிய நிலத்தடித் தொட்டியாகும். கழிவை முற்றிலும் கரைத்து அழிக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. ‘மாதம் ஒரு பொட்டலம் போட்டால் தொட்டியைச் சுத்தம் செய்யவே வேண்டாம்’ என்று கூறி விற்கப்படும் பாக்டீரியா பொடிகளும் நொதித் திரவங்களும் எவ்வளவு பயன் தரும் என்ற கேள்விக்கு விடை இந்த அடிப்படையிலிருந்தே கிடைக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், நன்றாக இயங்கும் தொட்டிக்கு அவை தேவையில்லை. நிரம்பிவிட்ட தொட்டிக்கு அவை உதவுவதில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது செப்டிக் டேங்க்தானா?

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பாதாள சாக்கடை இணைப்பு பரவலாக உள்ளது. இப்பகுதி வீடுகளின் வாசலருகே காணப்படும் சிறிய மூடியிட்ட குழியைப் பலரும் செப்டிக் டேங்க் என்றே குறிப்பிடுகின்றனர். பெரும்பாலும் அது, தெருக் குழாய்க்குச் செல்லும் வழியில் அடைப்பைப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட சேம்பர் ஆகும். அதில் கழிவு தேங்கி நிற்கக் கூடாது. தேங்கினால் குழாயில் அடைப்பு உள்ளது என்று பொருள். வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் புகார் அளிக்க வேண்டும். அந்தச் சேம்பரில் பொடியைக் கொட்டுவது பணத்தைச் சாக்கடையில் போடுவதேயாகும்.

எனினும், இப்பகுதிகளின் பழைய தனி வீடுகள் சிலவற்றில், சாக்கடை இணைப்பு வருவதற்கு முன் கட்டப்பட்ட தொட்டி அப்படியே இருக்கும். சில வீடுகளில் கழிவு இன்னமும் அத்தொட்டி வழியாகவே தெருக் குழாயை அடைகிறது. வேறு சிலவற்றில் தொட்டி பயன்பாடின்றிக் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. இரண்டுமே நல்லதன்று. பயனற்ற தொட்டியின் மூடி காலப்போக்கில் வலுவிழந்து, அதன்மேல் நடக்கும் குழந்தையோ முதியவரோ உள்ளே விழும் ஆபத்து உண்டு. உள்ளே தேங்கும் நீரில் கொசுக்கள் பெருகும். சாக்கடை இணைப்பு கிடைத்தபின் பழைய தொட்டியை ஊர்தி மூலம் முழுவதும் காலி செய்து, மணலோ கட்டட இடிபாடோ கொண்டு நிரப்பி மூடிவிடுவதே முறை.

2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிவடைந்தது. அப்போது இணைந்த தெற்கு, மேற்குப் புறநகர்ப் பகுதிகளில் சாக்கடைக் குழாய் எட்டாத தெருக்களில் செப்டிக் டேங்க்தான் ஒரே ஏற்பாடு. அடையாற்றில் குடியிருந்து, பெற்றோரையோ சொந்த வீட்டையோ அப்பகுதிகளில் வைத்திருப்போர் பலர். அவர்களுக்கும் இக்கட்டுரை பொருந்தும்.

தொட்டிக்குள் என்ன நிகழ்கிறது?

உள்ளே வரும் கழிவு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. கனமான பொருள் அடியில் கசடாகப் படிகிறது. எண்ணெயும் சோப்பு நுரையும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையிலுள்ள நீர் மட்டும் வெளியேறும் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குச் செல்கிறது. அடியிலுள்ள கசடைக் காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்கள் மெதுவாகச் செரிக்கின்றன. அதனால் கசடின் அளவு குறைகிறதே தவிர, மறைந்துபோவதில்லை. மணல், முடி, நார், செரிக்க இயலாத பிற பொருள்கள் ஆகியவை ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டேயிருக்கும்.

செரிமானத்துக்குப் பின் எஞ்சும் கசடு ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 30 முதல் 40 லிட்டர் என்று பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர். ஐந்து பேர் வாழும் வீட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் சேரும். தொட்டியின் கொள்ளளவு 2,000 லிட்டர் எனில், மூன்றே கால் ஆண்டில் அதில் மூன்றில் ஒரு பங்கைக் கசடு பிடித்துவிடும். அந்த நிலையில் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று கூறப்படுவதன் காரணம் இதுவே. ‘பத்து வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை’ என்று பெருமையாகச் சொல்லும் வீடுகளில், கசடு ஏற்கெனவே உறிஞ்சு குழிக்குள் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு மிகுதி. தொந்தரவு அந்த வீட்டுக்குத் தெரியவில்லை. அண்டை வீட்டுக் கிணற்றுக்குத் தெரிந்திருக்கும்.

கசடின் அளவை அறிய எளிய வழி உண்டு. சேவைப் பணியாளர் மூடியைத் திறக்கும்போது, வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட கம்பை அடிவரை இறக்கி, சில நிமிடங்கள் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். கருமை படிந்த உயரமே கசடின் உயரம். வீட்டார் தாமே மூடியைத் திறந்து குனிந்து பார்க்கக் கூடாது.

சேர்க்கைப் பொருள்கள்

விற்பனையில் உள்ளவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியா அல்லது நொதி சார்ந்தவை. பொட்டலத்தின்மீது கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருப்பதாக அச்சிடப்பட்டிருக்கும். அது பொய்யாக இராது. ஆனால், ஒரு கிராம் மனித மலத்திலேயே ஆயிரம் கோடி முதல் பத்தாயிரம் கோடி வரை பாக்டீரியாக்கள் உள்ளன. குடும்பத்தார் ஒவ்வொரு நாளும் இலவசமாக அளித்துவரும் ஒன்றை, விலை கொடுத்து வாங்கிச் சிறு அளவில் சேர்ப்பதால் மாற்றம் எதுவும் நேர்வதில்லை. அமெரிக்காவின் வட கரோலினாவில், வீடுகளில் பயன்பாட்டிலிருந்த 48 தொட்டிகளில் மூன்று பாக்டீரியா தயாரிப்புகளைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், அவற்றைச் சேர்த்ததால் தொட்டியின் மொத்த பாக்டீரியா அளவு குறிப்பிடத்தக்க வகையில் உயரவில்லை எனக் கண்டறியப்பட்டது. அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் வீட்டுத் தொட்டிகளுக்கு இவற்றைப் பரிந்துரைப்பதில்லை.

சில நொதித் திரவங்கள் மேலே மிதக்கும் கொழுப்பை உடைத்துவிடுகின்றன. பார்வைக்குத் தொட்டி சுத்தமானதுபோல் தோன்றும். உடைந்த கொழுப்போ நீருடன் வெளியேறி உறிஞ்சு குழியின் மண்துளைகளை அடைத்துவிடக்கூடும். தொட்டியைக் காலி செய்யலாம். அடைபட்ட மண்ணைச் சரிசெய்ய இயலாது, புதிய குழிதான் தோண்ட வேண்டும்.

சாணம், வெல்லக் கரைசல், புளித்த தயிர், ஈஸ்ட் ஆகியவை பற்றியும் அடிக்கடி கேட்கப்படுகிறது. புதிதாகக் கட்டிய தொட்டியை இயக்கத் தொடங்கும்போது, ஏற்கெனவே இயங்கும் தொட்டியின் கசடோ, அது கிடைக்காதபோது சிறிதளவு மக்கிய சாணமோ இடலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 2470 விதிகளிலேயே உள்ளது. அத்துடன் சாணத்தின் வேலை முடிந்தது. இயங்கிக்கொண்டிருக்கும் தொட்டியில் மாதந்தோறும் சாணம் கரைத்து ஊற்றுவது கசடைக் கூட்டவே செய்யும். வெல்லமும் தயிரும் தீங்கற்றவை, வீணானவையும்கூட.

‘பயோ டைஜஸ்டர்’ எனப்படும் அமைப்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கி, ரயில் பெட்டிகளிலும் பயன்படுத்தப்படும் அந்தத் தொழில்நுட்பத்தில், தொட்டியின் அமைப்பே அந்தப் பாக்டீரியாக்களுக்கு ஏற்ப வடிவமைக்கப்படுகிறது. அதன் பெயரைச் சொல்லிச் சாதாரணத் தொட்டிக்குப் பொடி விற்பவரை நம்ப வேண்டியதில்லை.

மூன்றாவது வகையான ரசாயனங்கள் வெறும் வீண்செலவோடு நிற்பதில்லை. மண்ணெண்ணெய், அமிலம், காஸ்டிக் சோடா ஆகியவற்றை அடைப்பு நீக்குவதற்காகத் தொட்டியில் ஊற்றினால் செரிமானப் பாக்டீரியாக்கள் மடியும். கரிமக் கரைப்பான்கள் கலந்த தயாரிப்புகள் மண்ணில் தங்காமல் நிலத்தடி நீரை அடைந்துவிடும். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் பகுதியில் 1970களில் இவ்வகைத் திரவங்கள் குடிநீர்க் கிணறுகளை மாசுபடுத்தியது பதிவாகியுள்ளது. கழிப்பறையைக் கழுவ அளவோடு பயன்படுத்தும் ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் தொட்டியைக் கெடுப்பதில்லை. ஆனால், அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருங்கே பயன்படுத்தக் கூடாது. அவை கலந்தால் குளோரின் வாயு எழும்; மூடிய குளியலறையில் அது நுரையீரலைக் கடுமையாகத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

கிணறும் சம்பும்

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 15 முதல் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான பொறியியல் விதி. அதாவது 50 முதல் 60 அடி. ஒரு கிரவுண்டு மனையின் வழக்கமான அளவு 40-க்கு 60 அடி என்பதை நினைத்துப் பாருங்கள்: விதியைக் காப்பாற்ற வேண்டுமெனில் மனையின் ஒரு கோடியில் குழியும் மறு கோடியில் கிணறும் இருக்க வேண்டும்; அப்போதும் அண்டை மனையின் கிணறு அருகிலேயே இருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணற்பாங்கான இடங்களில் நீர் எளிதில் ஊடுருவும். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது, கழிவுநீரை வடிகட்ட வேண்டிய உலர்ந்த மண் அடுக்கே இல்லாமற்போகிறது.

டைஃபாய்டு, காலரா, மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ மற்றும் ஈ வைரஸ்கள், வயிற்றுப்போக்கு ஆகியவை இவ்வழியில் பரவும். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் ஈ உயிராபத்தை விளைவிக்கலாம். ஒரே வீட்டில் அல்லது ஒரே அடுக்ககத்தில் இருவர் மூவருக்குச் சில நாள் இடைவெளியில் வயிற்றுப்போக்கோ காமாலையோ வந்தால், வெளியில் சாப்பிட்ட உணவை மட்டும் குற்றஞ்சாட்டாமல் சம்பையும் தொட்டியையும் பார்க்க வேண்டும். அதுவரை காய்ச்சி ஆறிய நீரையே பருகுங்கள். கிணற்று நீரைக் கிண்டி கிங் நிலையத்தில் பரிசோதிக்கலாம். மழைநீர் சேகரிப்புக் குழியைத் தொட்டியின் அருகில் அமைக்கவே கூடாது.

யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்கில் பெருகும். காற்றுப்போக்கிக் குழாயின் முனையில் கொசுவலை கட்டுவது சில ரூபாயில் முடியும் வேலை. மூடியின் விளிம்பு இடைவெளிகளையும் சிமெண்ட்டால் அடைத்துவிட வேண்டும்.

நோயாளி இருக்கும் வீடுகளில்

முதியோருக்கான டயப்பர், ஈரத்துடைப்பான், பஞ்சு, கட்டுத்துணி, ஸ்டோமா பை எதையும் கழிப்பறையில் போடக் கூடாது. ‘கரையக்கூடியது’ என்று உறையில் அச்சிடப்பட்ட துடைப்பான்களும் தொட்டியில் கரைவதில்லை. எஞ்சிய மாத்திரைகளையும் மருந்துத் திரவங்களையும் கழிப்பறையில் கொட்டாதீர்கள்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி பெற்று வீடு திரும்பியவரின் சிறுநீரிலும் மலத்திலும் சாதாரணமாக 48 மணி நேரம் வரை மருந்தின் எச்சம் இருக்கும். அக்காலத்தில் கழிப்பறை மூடியை மூடி, இருமுறை நீர் பாய்ச்சுவதும், சுத்தம் செய்பவர் கையுறை அணிவதும் அவசியம். மருந்துக்கு மருந்து கால அளவு வேறுபடும் என்பதால் சிகிச்சை மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கீமோதெரபியோ நீண்டகால ஆன்டிபயாடிக் சிகிச்சையோ நடைபெறும் வீட்டில் தொட்டியின் செரிமானம் சற்றுக் குறையலாம். அதற்கும் பொடி தீர்வன்று. கசடை ஓராண்டு முன்னதாகவே அளந்து, தேவையெனில் காலி செய்துவிடுவது போதும். வயிற்றுவழி டயாலிசிஸ் திரவம் நாளொன்றுக்குச் சில லிட்டரே ஆதலால் அதைக் கழிப்பறையில் ஊற்றலாம்; காலிப் பையையும் குழாயையும் போடக் கூடாது.

காலி செய்யும்போது

இயந்திரம் பொருத்திய, உரிமம் பெற்ற ஊர்தியை மட்டுமே அழையுங்கள். 14420 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். உறிஞ்சிய கழிவு வாரியத்தின் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறதா, ஏதேனும் மழைநீர்க் கால்வாயில் கொட்டப்படுகிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வெள்ளம் சூழ்ந்திருக்கும்போது தொட்டியை முழுவதும் காலி செய்ய வேண்டாம். சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தால் பிளாஸ்டிக் தொட்டி மேலெழும்பலாம், பழைய செங்கல் சுவர் இடியலாம். செப்டம்பருக்குள் முடித்துவிடுவது நல்லது.

அடியில் இறுகிய கசடை எடுக்க ‘ஓர் ஆளை இறக்கினால் போதும்’ என்று எவரேனும் கூறினால் உடனே மறுத்துவிடுங்கள். நீரைப் பாய்ச்சிக் கசடை இளக்கி, மீண்டும் இயந்திரத்தாலேயே உறிஞ்சலாம். பல ஆண்டுகள் பொடியை நம்பிக் காலி செய்யாமல் விட்ட தொட்டிகளில்தான் கசடு இவ்வாறு இறுகுகிறது. பாதுகாப்பின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலைக்கு அமர்த்திய வீட்டு உரிமையாளரும் இதற்குப் பொறுப்பாவார்.

தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், கரியமில வாயு ஆகியவை தேங்கியிருக்கும். ஆக்சிஜன் மிகக் குறைவு. அழுகிய முட்டை நாற்றம் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செறிவு கூடியவுடன் மூக்கின் நுகர்திறனையே முடக்கிவிடும். நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாகக் கருதுவோர் அதனால்தான் உயிரிழக்கின்றனர். தீக்குச்சி கொளுத்திச் சோதிப்பது மீத்தேனைப் பற்றவைக்கும்.

உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்கக் கூடாது. பல விபத்துகளில் இரண்டாவது, மூன்றாவது உயிர்கள் இவ்வாறே போயின. 101 எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினரையும், 108 எண்ணில் ஆம்புலன்ஸையும் அழைத்து, ‘செப்டிக் டேங்குக்குள் ஆள் விழுந்திருக்கிறார்’ என்று தெளிவாகக் கூறுங்கள். சுவாசக் கருவியுடன் அவர்கள் வர இது உதவும். மற்ற மூடிகளைத் தொலைவில் நின்று கம்பியால் நெம்பித் திறந்துவிடுங்கள். கூடியிருப்போரை விலக்குங்கள். வெளியே கொண்டுவரப்பட்டவருக்கு மூச்சு இல்லையெனில், திறந்த வெளியில் கிடத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்.