அர்மகெதோன்: மலை இல்லாத மலைப்பெயர்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையை ஆதி அண்ணாமலை என்றும் சொல்கிறார்கள். மலையடி ஊர் என்பது ஒரு பொருள், மூத்த தலம் என்பது இன்னொன்று. அண்ணுதல் என்றால் நெருங்குதல். நெருங்க முடியாத மலை அண்ணாமலை. கிரிவலம் போகிறவர் நிமிர்ந்து பார்த்தால் பெயரிலுள்ள மலை கண்ணெதிரே நிற்கிறது. உலக முடிவைப் பற்றிப் பேசுவோர் வாயில் அடிக்கடி வரும் அர்மகெதோன் அப்படியல்ல. அதன் பெயரில் மலை உண்டு, இடத்தில் இல்லை.

விவிலியம் முழுவதிலும் இந்தப் பெயர் ஒரே ஒருமுறைதான் வருகிறது: வெளிப்படுத்தின விசேஷம் 16:16. அது எபிரெயப் பெயர் என்று அந்த வசனமே சொல்கிறது. எபிரெயத்தில் 'ஹர்' என்றால் மலை. கிரேக்க எழுத்தில் ஹகரத்துக்குத் தனி எழுத்து இல்லாததால் அது 'அர்' ஆகித் தமிழுக்கும் அப்படியே வந்தது. மீதி மெகிதோ. கடைசி 'ன்' எங்கிருந்து வந்தது? சகரியா 12:11-இன் எபிரெய மூலத்தில் அந்த ஊர் 'மெகிதோன்' என்றே இருக்கிறது. ஆனால் சகரியா பேசுவது பள்ளத்தாக்கைப் பற்றி. மெகிதோ மலை என்று பழைய ஏற்பாட்டில் எங்கும் இல்லை. அதனால் அருகிலுள்ள கர்மேல் மலையைச் சுட்டுவோர் உண்டு. ஏசாயா 14:13 சொல்லும் 'சபையின் மலை' திரிந்து இப்படி ஆனது என்போரும் உண்டு. எனக்கு மெகிதோ என்ற விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

இன்றைய மெகிதோ வட இஸ்ரேலில் உள்ள ஒரு மேடு. ஊர்மேல் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட குடியிருப்பு அடுக்குகள் சேர்ந்து உயர்ந்தது. எகிப்தையும் மெசொப்பொத்தாமியாவையும் இணைத்த பெருவழி அதன் கீழே போனது. படைகளும் அவ்வழியே வந்தன. கி.மு. 609-இல் யூதா அரசன் யோசியா எகிப்தின் பார்வோன் நேகோவால் இங்கேதான் கொல்லப்பட்டான். நல்லரசன் மாண்ட களம் என்பதால் பெயரிலேயே துக்கம் படிந்தது. 1918 செப்டம்பரில் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி துருக்கியரை வென்ற போருக்கும் மெகிதோப் போர் என்றே பெயர். அதில் ஹைஃபாவைப் பிடித்தவர்கள் மைசூர், ஜோத்பூர் குதிரைப்படையினர். அன்றும் உலகம் முடியவில்லை.

மேற்கு ஆசியாவில் குண்டு விழும்போதெல்லாம் 'அர்மகெதோன் தொடங்கிவிட்டது' என்று செய்தி பரப்புகிறவர்கள் அந்த வசனத்தை முழுதாக வாசிக்க வேண்டும். அரசர்கள் அங்கே கூட்டிச் சேர்க்கப்படுவதை மட்டுமே அது சொல்கிறது. ஆண்டோ நாளோ குறிக்கவில்லை. அப்படிப்பட்ட செய்தி உங்கள் கைக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்புமுன் மாற்கு 13:32-ஐத் திறந்து பாருங்கள். அந்த நாளைப் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார்.