இயேசுவின் சொந்தப் பட்டணம்

அயலூரில் தமிழர் இருவர் சந்தித்தால், "சொந்த ஊர் எது?" என்பதே முதற் கேள்வி. இயேசு பெருமான் பிறந்தது பெத்லகேம், வளர்ந்தது நாசரேத்து. ஆயினும், மத்தேயுவின் சுவிசேஷம் அவருடைய சொந்தப் பட்டணம் என்று சுட்டுவது கப்பர்நகூமையே.

அவ்வூர் கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையில் இருந்தது. கடல் என்பது வழக்கே. உண்மையில் அது கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 210 மீட்டர் தாழ்ந்த நன்னீர் ஏரி. நாசரேத்தார் ஊருக்குப் புறம்பே தள்ளிய பின் இயேசு இங்கு வந்து போதித்தார் என்கிறார் லூக்கா. மீனவரான பேதுருவின் வீடு இங்கிருந்தது. ஆயத்துறையில் அமர்ந்திருந்த மத்தேயு அழைக்கப்பெற்றதும், திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கியதும் இங்கேதான்.

1894-இல் பிரான்சிஸ்கன் துறவியர் இவ்விடத்தை வாங்கினர். 1968-இல் தொடங்கிய அகழ்வில், 5-ஆம் நூற்றாண்டின் எண்கோணக் கோயிலுக்கு அடியில் கரிய எரிமலைக்கல்லாலான எளிய வீடொன்று வெளிப்பட்டது. அதன் ஓர் அறைக்குச் சுண்ணம் பூசியிருந்தனர். அப்பூச்சில் யாத்திரிகர் எழுத்துகளைக் கீறியிருந்தனர். பேதுருவின் வீடு அதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அருகில் இன்று காணப்படும் சுண்ணக்கல் ஜெப ஆலயம் காலத்தால் பிந்தியது. லூக்கா குறிப்பிடும் முந்தைய ஆலயத்தை யூதர்களுக்குக் கட்டித் தந்தவர், யூதரல்லாத நூற்றுக்கு அதிபதி ஒருவர். அற்புதங்களைக் கண்டும் மனந்திரும்பாத அவ்வூராரையோ இயேசு கடிந்துரைத்தார். ஆகவே, ஊரில் பிறந்த பெருமை மட்டும் போதாது. தில்லிக் கிட்வாய் நகரிலும் பிற நகரங்களிலும் பணியின் பொருட்டு வாழும் நாம், அந்த அதிபதியை எண்ணிப் பார்த்தல் நன்று. வந்த ஊருக்கு நாம் செய்யும் தொண்டே அதனைச் சொந்த ஊராக்குகிறது.