சிக்கந்தர் சாகிபு: ஒரு குதிரைப்படைத் தலைவரின் பணியும் அடக்கமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியப் படைகளைப் பற்றிய ஆங்கில ஆவணங்களில் ‘இர்ரெகுலர் காவல்ரி’ என்னும் தொடர் பரவலாகப் பயின்று வருகிறது. இதனை ‘ஒழுங்கற்ற குதிரைப்படை’ எனத் தமிழாக்குவது எளிது. ஆயின் அது வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. அத்தகைய படைகளுள் புகழ்பெற்ற ஒன்றை அமைத்த ஜேம்ஸ் ஸ்கின்னரின் (1778–1841) பணியையும் அடக்கத்தையும் நோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

ஸ்கின்னரின் தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய ஸ்காட்லாந்தியர். தாய் இராசபுத்திரப் பெண். இந்தியக் கலப்பில் பிறந்தோரைத் தம் பணியில் அமர்த்துவதற்குக் கம்பெனி இயக்குநர்கள் 1791இல் தடை விதித்தனர். பெற்றோர் இருவழியிலும் ஐரோப்பியர் அல்லாதார் குழலூதுவோர், முரசறைவோர், லாடம் கட்டுவோர் போன்ற நிலைகளிலேயே படையில் இருக்கலாம் என 1795ஆம் ஆண்டு விதி வரையறுத்தது. எனவே ஸ்கின்னர் மராட்டியத் தலைவர் சிந்தியாவின் படையில் சேர்ந்தார். 1803இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபொழுது, சிந்தியாவின் தளபதி பெரோன் ஆங்கிலத் தொடர்புடைய அலுவலரை விலக்கினார், ஸ்கின்னரும் விலக்கப்பட்டார். பின்னர் ஜெனரல் லேக்கை அடைந்து, சிந்தியாவின் படையிலிருந்து வந்த குதிரைவீரர்க்குத் தலைமை ஏற்றார். பழைய தலைவரை எதிர்த்துப் போரிடுவதில்லை என்பது அவர் முன்வைத்த நிபந்தனை. மஞ்சள் அங்கி அணிந்த அவர் படை 1825–26இல் நடந்த பரத்பூர் முற்றுகையிலும் பங்குகொண்டது.

இப்படை ‘சிலேதார்’ முறையில் அமைந்தது. ஆயுதம் எனப் பொருள்படும் ‘சிலாஹ்’ என்னும் அரபுச் சொல்லும், உடையவன் எனப் பொருள்படும் ‘தார்’ என்னும் பாரசீக ஈறும் இணைந்தது இச்சொல். சிலேதார் தன் குதிரையையும் கருவிகளையும் தானே கொணர்ந்து, பெறும் ஊதியத்தில் குதிரையையும் பேணுவான். பிறர் குதிரையில் ஏறிப் பணிபுரிபவன் ‘பார்கீர்’. படையில் ஒருவனுக்குரிய இடம் ‘அசாமி’ எனப்பட்டது. அது விலைமதிப்புடைய உரிமை. ஆக, இப்படைக்குத் தனக்கேயுரிய ஒழுங்கு இருந்தது. ‘இர்ரெகுலர்’ என்னும் அடை, கம்பெனியின் நிலைப்படைக்குப் புறம்பானது என்பதையே குறிக்கிறது; ஒழுங்கின்மையை அன்று. நிலைப்படையில் அலுவலராக இடம்பெற இயலாத ஒருவர் தலைமை தாங்க முடிந்தது இப்புறநிலையினால்தான்.

இச்சொற்களுட் சில தமிழில் வேறு பொருளில் வழங்குகின்றன. ‘ஆசாமி’ தமிழில் ஆளைக் குறிக்கும். சிறுமைக் குறிப்பும் சில இடங்களில் உண்டு. குதிரைப்படையின் சிறு பிரிவுக்குத் தலைவனான ‘தபேதார்’, தமிழகத்தில் ஆட்சியர், நீதிபதி ஆகியோரின் ஏவலராகிய ‘டபேதார்’ ஆனார். ஒலியொப்புமை கருதி இவற்றை அப்படியே எடுத்தாளும் மொழிபெயர்ப்பு படிப்போரைப் பிழையான பொருளுக்கு இட்டுச் செல்லும்.

ஸ்கின்னரின் பெயரும் மொழிமாற்றம் பெற்றது. வடபுல மக்கள் அவரைச் ‘சிக்கந்தர் சாகிபு’ என்றனர். சிக்கந்தர் என்பது அலெக்சாந்தருக்குப் பாரசீக வழக்கில் வழங்கும் பெயர். பாரசீகத்தில் அவர் புலமையுடையவர். குலங்களையும் தொழில்களையும் விவரிக்கும் ‘தஷ்ரீஹ் அல்-அக்வாம்’ (1825), அரச குடும்பங்களைப் பற்றிய ‘தஸ்கிரத் அல்-உமரா’ (1830) ஆகியன அவர் நூல்கள்.

1800இல் உனியாராப் போரில் காயமுற்றுக் களத்தில் கிடந்தபொழுது, உயிர் பிழைத்தால் தேவாலயம் கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டார் என்பர். தில்லிக் காஷ்மீரி வாயிலருகே அவர் எழுப்பிய புனித ஜேம்ஸ் தேவாலயம் 1836இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1841 டிசம்பர் 4இல் அவர் ஹான்சியில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் உடல் தோண்டியெடுக்கப்பட்டு, அவர்தம் படையினர் துணைவரத் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, 1842 ஜனவரி 19இல் அத்தேவாலயத்தினுள் திருப்பீடத்தின் முன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறைக் கல்வெட்டு இரு நாள்களையும் தெரிவிக்கிறது.

பிறப்பின் காரணமாக நிலைப்படை விலக்கிய ஒருவர்க்குப் படைச் சிறப்புடன் கிடைத்தது இவ்வடக்கம். அவர் அமைத்த படை இந்தியத் தரைப்படையின் முதலாம் குதிரைப்படையாகத் தொடர்கிறது. எனவே ‘இர்ரெகுலர்’ என்பதைச் ‘சிலேதார் குதிரைப்படை’ என்றோ, ‘நிலைப்படைக்குப் புறம்பான குதிரைப்படை’ என்றோ பெயர்ப்பதே ஏற்புடையது. ‘ஒழுங்கற்ற’ என்னும் சொல், ஆவணத்தை எழுதியோரின் பாகுபாட்டை அப்படையினரின் இயல்பாக மாற்றிவிடும்.