“காஸ்” என்று நாம் சொல்லும் வலியும் 1579இல் எழுதப்பட்ட ஒரு மரணமும்

 

நெஞ்சு எரிந்தால் நம்ம பக்கம் அதற்கு ஒரே பெயர்தான்: “காஸ்”. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீ ஒன்று, வெள்ளை மருந்து கொஞ்சம், விடிந்தால் திரும்ப மலைக்கு. எங்கள் பிள்ளை ஒருவரின் தாயும் இப்படித்தான் வருடக்கணக்கில் சமாளித்தார். படங்கு கட்டிக் குனிந்தால் புளித்தண்ணீர் தொண்டைக்கு வரும். இரவில் தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம். கடைசியில் வாய்வழியே கமரா விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது என்று. “ஹேர்னியா நெஞ்சிலயும் வருமா சேர்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத் தேடி வாசித்ததையே இங்கு எழுதுகிறோம்.

விஞ்ஞானப் பாடத்தில் படித்த பிரிமென்றகடு ஞாபகமிருக்கும். நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசை அது. உணவு இறங்கும் களம் அதிலுள்ள ஒரு துவாரம் வழியாகத்தான் கீழே வருகிறது. துவாரம் தளர்ந்தால் இரைப்பை மேலே ஏறும். விபத்தில் தகடே கிழிந்தால் குடலும் ஏறலாம்.

இந்தக் கிழிசலைப் பற்றி 1579இல் எழுதியவர் பிரான்சின் சத்திரசிகிச்சை நிபுணர் அம்புறுவாஸ் பாரே. துப்பாக்கிச் சூடு பட்ட ஒரு கப்டன் பிழைத்துக்கொண்டார். ஆனால் வயிற்றுவலி விடவில்லை. எட்டு மாதத்தில் இறந்தார். உடலைத் திறந்து பார்த்தால், சுண்டுவிரல் நுனி போகுமளவு ஓட்டை வழியாகப் பெருங்குடல் நெஞ்சுக்குள் போய் இறுகிக் கிடந்தது. வெளிக்காயம் ஆறியிருந்தது, உள்ளே கிழிந்தது அப்படியே இருந்தது.

அதன்பின் 300 வருடங்களுக்கு மேல், பெரும்பாலும் மரணத்தின் பிறகுதான் இந்நோய் கண்டுபிடிக்கப்பட்டது. நம் தோட்டங்களுக்கான வைத்தியத் தேவைச் சட்டம் 1872இல் வந்தபோது, உலகில் எந்த வைத்தியரிடமும் எக்ஸ்-ரே இருக்கவில்லை. 1895இல் ரொன்ட்ஜன் அதைக் கண்டுபிடித்த பின்னரே உயிருள்ளவரின் நெஞ்சுக்குள் பார்க்க முடிந்தது. பிறகு பேரியம் கரைசலைக் குடிக்கவைத்துப் படமெடுத்தார்கள். இரைப்பை எங்கே நிற்கிறது என்பது வெள்ளையாகத் தெரிந்தது.

சத்திரசிகிச்சையின் கதை இஸ்தான்புல் வழியாகப் போகிறது. ருடொல்ப் நிசென் ஜேர்மனியின் யூத வைத்தியர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு வெளியேறினார். துருக்கி அவருக்கு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்தது. 1936இல் அங்கே ஒரு நோயாளியின் களத்தில் புண்ணிருந்த பகுதியை வெட்டி இரைப்பையோடு தைத்தார். தையலைப் பாதுகாக்க இரைப்பையின் ஒரு மடிப்பை அதைச் சுற்றிப் போர்த்தினார். பல வருடங்கள் கழித்தும் அந்த நோயாளிக்கு அமிலம் மேலே வரவில்லை. தையலுக்கு இட்ட போர்வை, தடுப்புக் கதவாகவும் வேலை செய்திருந்தது. 1955இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதையே தனிச் சிகிச்சையாகச் செய்தார். இன்றும் அடிப்படை முறை அதுதான்: ஏறிய இரைப்பையைக் கீழே இறக்கி, தளர்ந்த துவாரத்தைத் தைத்துச் சுருக்கி, களத்தின் அடியில் இரைப்பையைச் சுற்றித் தைப்பது. 1991இலிருந்து சிறு துளைகள் வழியாகவே இதைச் செய்கிறார்கள்.

எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவையில்லை. பலருக்கு மருந்தும், இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடிப்பதும், இடுப்பை இறுக்கிக் கட்டாமல் இருப்பதுமே போதும். ஆனால் விழுங்கக் கஷ்டம், உடம்பு மெலிதல், இரத்த வாந்தி, கறுப்பு மலம் இருந்தால் “காஸ்” என்று தள்ளிப்போடாதீர்கள். திடீர் நெஞ்சுவலி மாரடைப்பாகவும் இருக்கலாம். அதற்குப் பிளேன்டீ மருந்தல்ல, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. நம் பாதைகளில் லொறியும் ட்ரக்டரும் புரள்வது புதிதல்ல. அப்படித் தப்பியவர்களுக்கு மாதங்கள் கழித்து மூச்சு முட்டினாலோ வயிற்றுவலி வந்தாலோ, வைத்தியர் கேட்காவிட்டாலும் பழைய விபத்தை நீங்களே சொல்லுங்கள். அந்தக் கப்டனை எட்டு மாதமும் உள்ளே பார்க்க யாருக்கும் வழியிருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

அந்தத் தாய் இப்போது மருந்தில் நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். உங்கள் லயத்திலும் தெருவிலும் வருடக்கணக்காக நெஞ்சைத் தடவிக்கொண்டிருப்பவர் யாரும் இருந்தால், இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.