பாம்பு மாந்தர் பிறந்த கதை

கற்பனையில் தோன்றிய இனத்துக்கு வரலாறு ஏது என்று சிலர் நகைக்கலாம். ஆயினும் கற்பனைக்கும் பிறந்த ஆண்டு உண்டு, ஈன்றவரும் உண்டு.

அமெரிக்கராகிய கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் 1974 இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எனும் விளையாட்டை வெளியிட்டனர். பலர் கூடியிருந்து கதை சொல்லியே ஆடும் ஆட்டம் இது. 1981 இல் டேவிட் குக் இதற்கென எழுதிய கதையொன்றில் 'யுவான்டி' என்னும் பாம்பு மாந்தர் முதன்முதல் தோன்றினர். சிலர்க்குப் பாம்புத் தலை, சிலர்க்குப் பாம்புடல், வேறு சிலரோ மனிதரினின்று பிரித்தறிய இயலாதவர்.

இவர்தம் மூலம் யாது என்பதிலேதான் பூசல். 2004 இல் வெளிவந்த நூல், மனிதர்க்கு முற்பட்ட சாருக் என்னும் ஊர்வன இனமே மனிதரை உருமாற்றி இவரைப் படைத்தது என்கிறது. 2016 ஆம் ஆண்டு நூலோ, மனிதரே பாம்புத் தெய்வங்களை வழிபட்டு, நரபலியிட்டு, அச்சடங்குகளின் பயனாய்த் தாமே உருமாறினர் என்கிறது. வேற்றுமை சிறிதன்று. முன்னதில் அவர் பிறர் கைப்பட்ட அடிமைகள். பின்னதில் விரும்பித் தம் மனிதத்தன்மையை விற்றவர். இரண்டையும் ஒட்டவைக்க முயல்வோர் உளர், ஒட்டவில்லை. தொடக்கத்திலேயே இவர் மனித வழியினின்று கெட்டவராகக் குறிக்கப்பட்டமையின், காலத்தால் பிந்திய நூலே மூலத்துக்கு நெருங்கியது எனல் பொருந்தும்.

அவ்வாறாயின் 'மனிதனுக்கு மூத்த பாம்பினம்' என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? 1929 ஆகஸ்டில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் ராபர்ட் ஹோவர்டு எழுதிய கதையை நோக்குக. அதிலே மனிதனுக்கு முன் உலகாண்ட பாம்பு மாந்தர், மனித முகம் பூண்டு குல் என்னும் மன்னனது அவைக்குள் புகுகின்றனர். ஒரு சொற்றொடரை மட்டும் அவர் வாயால் சொல்ல இயலாது. அதுகொண்டே அவரை அறிவர். சாருக் கதையின் வேர் இங்கே கிடக்கிறது போலும்.

இவ்விளையாட்டில் மனித முகமுடைய பாம்பொன்றும் உண்டு. அதன் பெயர் நாகா. பெயர் இந்திய நாட்டினின்று சென்றதே. இதனைக் கண்ட மாணவன், "மணிமேகலையில் வரும் நாகரும் இவர்தாமோ?" என்று வினவின், ஆசிரியர் தயங்க வேண்டுவதில்லை. நாகரைப் பாம்புருவாகக் காட்டும் புராணங்களும் சிற்பங்களும் உண்டு என்பது மெய்யே. ஆனால் சாதுவன் கதையில் வருவோர் ஆடையின்றித் திரியும் மனிதர். கலம் கவிழ்ந்து கரைசேர்ந்த சாதுவனைத் தின்ன வந்த அவர், அவன் தம் மொழியே பேசக் கேட்டுக் கை நிறுத்தினர்; தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்க முன்வந்தான். சாதுவன் மறுத்து அறம் உரைத்தான். செவிமடுத்த தலைவன் சந்தனமும் அகிலும் துகிலும் தர, அவற்றுடன் சாதுவன் சந்திரதத்தனது மரக்கலம் ஏறி ஊர் திரும்பினான்.