கதிரவப் புள்ளியும் கோடைக்கானலும்

கதிரவன் முகத்துக் கரும்புள்ளிகளைக் கலிலியோ 1612இலேயே தொலைநோக்கியின் துணைகொண்டு நாள்தோறும் வரைந்தார். ஆயினும் அவை யாவை என்னும் வினாவுக்குத் தக்க விடை கிடைக்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன. அவ்விடையின் ஒரு பகுதி தமிழகத்துப் பழனி மலைத்தொடரில் எழுதப்பட்டது என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

1908இல் அமெரிக்காவின் வில்சன் மலையில் ஜார்ஜ் எல்லரி ஹேல் கதிரவனை ஹைட்ரஜன் ஒளியில் படம் பிடித்தார். புள்ளிகளைச் சூழ்ந்து சுழல்காற்றை ஒத்த வரிகள் தென்பட்டன. புள்ளி ஒரு பெருஞ்சூறாவளி. அதிற் சுழலும் மின்துகள்கள் காந்தத்தை உண்டாக்கும் என அவர் எண்ணினார். வலிய காந்தத்திடையே வைத்த சுடரின் நிறமாலைக் கோடுகள் மாறுபடுவதை ஆலந்து அறிஞர் பீட்டர் சீமன் 1896இல் கண்டிருந்தார். அம்மாறுபாடே புள்ளியின் ஒளியிலும் இருந்தது. புவிக் காந்தத்தினும் ஆயிரக்கணக்கான மடங்கு வலிய காந்தம் அங்கு உறைவது உறுதியாயிற்று.

முடிவு சரியே, அதற்கு வழிகாட்டிய சூறாவளிக் கருத்துத்தான் நிலைக்கவில்லை. அதனை அசைத்தவர் கோடைக்கானல் வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர். நம்மை நெருங்கும் வளியின் கோடுகள் நீலப் பக்கமும், விலகும் வளியின் கோடுகள் சிவப்புப் பக்கமும் சற்றே நகரும். புள்ளி சுழலுமாயின் அதன் எந்த ஓரம் நெருங்கும், எது விலகும் என்பதை முன்கூட்டியே கணிக்கலாம். 1909 சனவரியில் எவர்ஷெட் எடுத்த படங்கள் வேறொன்றைக் காட்டின. கதிரவ வட்டத்தின் நடுவை நோக்கிய ஓரம் நெருங்கியது, எதிரோரம் விலகியது. வளி சுழலவில்லை, புள்ளியின் மையத்திலிருந்து நாற்புறமும் வெளிநோக்கிப் பாய்ந்தது! வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் விரைவு. இது இன்றும் 'எவர்ஷெட் விளைவு' என்றே வழங்குகிறது.

புள்ளியின் நடுக் கருநிழலில் காந்தக் கோடுகள் நிமிர்ந்து நிற்கின்றன. புறநிழலிலோ சாய்ந்து கிடையாகின்றன. வளி அவற்றை ஒட்டியே ஓடுகிறது. ஹேலை மயக்கிய வரிகளும் காந்தம் வரைந்த தடங்களே. அடியிலிருந்து வெப்பம் மேலெழுவதைக் காந்தம் தடுப்பதால் புள்ளி குளிர்ந்து கறுக்கிறது. குளிர்ச்சி என்பது ஒப்பீடுதான். அங்கும் வெப்பம் ஏறத்தாழ 4,000 பாகை!

எதிரெதிர்த் துருவங்கள் நெருங்கிப் பின்னிக்கிடக்கும் புள்ளிக் கூட்டங்களே அஞ்சத்தக்கவை. அடியில் வளி நகர நகர, அவற்றை இணைக்கும் காந்த வளைவுகள் கயிறுபோல் முறுக்கேறுகின்றன. அம்முறுக்கில் சேர்ந்த ஆற்றல், கோடுகள் திடீரென அறுந்து வேறுவிதமாய் இணையும்போது வெடித்து வெளிப்படுகிறது. 1859 செப்டம்பர் முதல் நாள் ரிச்சர்ட் காரிங்டன் ஒரு புள்ளிக் கூட்டத்தின்மேல் கண்ட வெண்ணொளி இத்தகையது. ஒரு நாள் கழிவதற்குள் புவியின் காந்த ஊசிகள் அலைந்தன. தந்திக் கம்பிகள் தடுமாறின. 1989 மார்ச் 13இல் வந்த காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் மின்சாரம் இழந்தது.