மயிலாப்பூர் வளர்த்த சின்னத் துப்பறிவாளர்கள்

1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்ட செய்தி வந்ததும் சென்னை காலியாகத் தொடங்கியது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீடுகளைப் பூட்டிவிட்டுக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு சொந்த ஊருக்கு ரயில் ஏறின. மறு வருஷம் அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று நிஜமாகவே வந்து சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. தணிக்கைக் காலம் என்பதால் பத்திரிகையில் வந்ததைவிட வாய்வழியாகப் பரவியதே அதிகம். இருட்டடிப்பு, ரேஷன், வதந்தி இவற்றுக்கு நடுவே பத்து வயதைக் கடந்த பிள்ளைகள், நாடு விடுதலை பெற்றபோது பதினைந்து வயதை எட்டியிருந்தார்கள்.

அவர்கள் என்ன படித்தார்கள்?

மர்மக் கதைகளுக்குத் தமிழில் அப்போதே பஞ்சமில்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிக் குவித்திருந்தார்கள். ஆனால் அவை பெரியவர்களின் அலமாரிக்குரியவை; பையன் கையில் கண்டால் வீட்டில் திட்டு விழும். 1942இல் ஆனந்த விகடனில் தேவனின் துப்பறியும் சாம்பு வந்தபோது குடும்பமே சேர்ந்து படித்துச் சிரித்தது. என்றாலும் சாம்பு ஒரு பெரிய ஆள். நாலு நண்பர்கள் கூடித் தாங்களே துப்புத் துலக்கும் கதை வேறு வகை. ஜெர்மனியில் எரிக் கெஸ்ட்னர் 1929லேயே அப்படி எழுதிவிட்டார். இங்கிலாந்தில் எனிட் பிளைட்டனின் ஐவர் குழு போரின் நடுவே, 1942இல், புறப்பட்டது.

தமிழில் அதற்கு முதலில் காகிதம் வேண்டியிருந்தது. போர்க்காலக் காகிதக் கட்டுப்பாடு புதுப் பத்திரிகைகளின் கழுத்தை நெரித்தது. அந்தக் கெடுபிடி இல்லாத புதுக்கோட்டை சமஸ்தானத்திலிருந்து சிறுவர் இதழ்கள் பல கிளம்பியது இதனால்தான். போர் முடிந்ததும் சென்னை முந்திக்கொண்டது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் அம்புலிமாமாவைத் தொடங்கினார்கள். 1948இல் தமிழ்வாணனை ஆசிரியராகக் கொண்டு கல்கண்டு வந்தது. ‘துணிவே துணை’ என்ற அதன் முழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகள் நோட்டில் எழுதிவைத்தார்கள். பின்னாளில் தமிழ்வாணனின் துப்பறியும் சங்கர்லால் கதைகளைத் தியாகராய நகர் தணிகாசலம் சாலையிலுள்ள மணிமேகலைப் பிரசுரம் புத்தகங்களாக வெளியிட்டது. 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார்.

அதே ஆண்டில்தான் மயிலாப்பூரிலிருந்து ‘கண்ணன்’ என்ற சிறுவர் இதழ் வந்தது. அதை வெளியிட்டது கலைமகள் நிறுவனம். மெட்ராஸ் லா ஜர்னல் அச்சகத்தை நடத்திய ரா. நாராயணசாமி ஐயர் 1932இல் தொடங்கிய இதழ் கலைமகள். வழக்குத் தீர்ப்புகளும் பழந்தமிழ் ஆராய்ச்சியும் அச்சான இடத்திலிருந்து பையன்களுக்கான மர்மத் தொடர்களும் வந்தன என்பது மயிலாப்பூருக்கே உரிய பொருத்தம். கண்ணனின் ஆசிரியர் ஆர்வி, பெரியவர்களுக்கான நாவல்களில் பெயர் பெற்றவர். குழந்தைகளுக்கு எழுதுவதை அவர் இடது கை வேலையாக நினைக்கவில்லை. சிறுவர் நாவலுக்கென்று போட்டி வைத்தார். துணுக்கோ நாலு பக்கக் கதையோ போதாது, முழு நாவல் வேண்டும் என்றார்.

அப்படியொரு போட்டிக்குப் பெங்களூரிலிருந்து பதினாறு வயதுப் பெண் ஒருத்தி துப்பறியும் நாவல் எழுதி அனுப்பினாள். ‘நந்திமலைச் சாரலிலே’ பரிசு பெற்றது. அந்தப் பெண்தான் பின்னாளில் அம்பை. தமிழ்ச் சிறுகதையின் போக்கையே மாற்றியவர், 2021இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றவர், எழுத வந்த வாசல் சிறுவர் துப்பறியும் கதை. அந்த வாசலை அவர் மறக்கவும் இல்லை. ‘அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு’ நூலில் மும்பையில் துப்பறியும் சுதா குப்தாவைப் படைத்தார். ஒரு சிறுவர் பத்திரிகை இதைவிடப் பெரிதாக என்ன சாதித்துவிட முடியும்? வாசகரையே எழுத்தாளராக்கியதுதான் கண்ணனின் தனிச்சிறப்பு. கல்கண்டின் புகழுக்கு முன்னால் இது இன்று போதிய அளவு பேசப்படுவதில்லை.

22 ஆண்டுகள் நடந்து 1972இல் கண்ணன் நின்றது. அதே ஆண்டில் கோகுலம் என்ற சிறுவர் இதழ் பிறந்தது. அதற்குள் முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணன் போன்ற இதழ்களில் வந்த கதைகளில் பல புத்தகமாகவே வரவில்லை. தொடர் முடிந்ததும் வீட்டில் யாராவது பக்கங்களைக் கிழித்தெடுத்து, வரிசையாக அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, காலிகோ துணி ஒட்டி பைண்டு செய்வார்கள். நடுவே ஓர் இதழ் தவறியிருந்தால் அங்கே கதை தாவும். எதிர்ப்பக்கத்து விளம்பரமும் துணுக்கும்கூட அப்படியே தங்கியிருக்கும். இத்தகைய தொகுப்புகள் பிறகு மூர் மார்க்கெட்டுக்கும் லஸ் நடைபாதையில் ஆழ்வாரின் பழைய புத்தகக் கடைக்கும் போய்ச் சேர்ந்தன. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. ஆழ்வாரும் இப்போது இல்லை.

அடையாற்றுக்கு அருகே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறது. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ தாத்தா வீட்டுப் பரணில் கண்ணன் பைண்டு ஒன்று கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடை போடுவதற்கு முன் அந்த நூலகத்தை ஒரு முறை கேளுங்கள்.